கவிழ்த்து வைத்த மலை

மக்களே,

தேரூர் குளத்தை வாட்டர்கலரில் வரைந்து அனுப்பினியே, தென்னைகள் நன்றாக இருக்கின்றன. மலைதான் குளக்கரைக்கே இறங்கி வந்துவிட்டது. மலைக்கும் தென்னைக்கும் ஒரே பச்சை போட்டதன் வினை. தூரம் கூடக்கூட இடையில் உள்ள காற்று நீல ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்பும். அதனால் மலை வெளிறும், நீலம் பாரிக்கும், விளிம்பு மழுங்கும். அல்ட்ராமரின் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா பழுப்பு, தண்ணீர் தாராளமாக, அது போதும். காய்ந்தால் வெளிறும், ஈரத்தில் ஒரு படி அழுத்தமாகவே இருக்கட்டும். பார்த்து வரைய, மழை விட்ட மறுநாள் எடுத்த போட்டோ வேண்டாம். அன்றைக்கு மலை பக்கத்தில் வந்து நிற்கும்.

வானம் பூசியதும் தாளைச் சாய்த்துப் பார். ஈரம் மினுங்கினால் பொறு. மினுக்கம் போய், தொட்டால் சில்லென்று இருக்கும்போது மலையைப் போடு. பிரஷில் தாளைவிடத் தண்ணீர் கூடினால் காலிஃபிளவர் மாதிரி கறை பூக்கும். உன் வானத்தின் இடது மூலையில் இருப்பது அதுதான். ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்.

இனி தண்ணீர். மலையை அப்படியே கவிழ்த்து வைத்திருக்கிறாய். நம் கண் நீருக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு கீழே இருந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் பிம்பம். கரையோரத் தென்னை முழு உயரத்துக்கும் விழும். தள்ளி நிற்கும் மலையை அந்த மரங்களே பெரும்பாலும் மறைத்துவிடும், உச்சி மட்டும் எட்டிப் பார்க்கும். ஓலையின் அடிப்பக்கம் தெரியும். வலப்பக்கம் சாய்ந்த மரம் நீரிலும் வலப்பக்கமே சாயும். நீ இடப்பக்கம் சாய்த்திருக்கிறாய்.

தென்னையின் கருமை நீரில் ஒரு படி குறையும், கொக்கின் வெள்ளை ஒரு படி மங்கும். தாள் ஈரமாக இருக்கும்போதே கெட்டியான வர்ணத்தை மேலிருந்து கீழே இழு, திரும்பத் தேய்க்காதே, சேறாகும். நன்றாகக் காய்ந்த பிறகு, ஈரமான தட்டைப் பிரஷால் குறுக்கே ஒரே இழுப்பு, உடனே டிஷ்யூவால் ஒற்று. காற்று தொட்ட இடத்தில் சிற்றலை வானத்தைக் காட்டும் அந்த வெளிச்சக் கீற்று வந்துவிடும். இரண்டு போதும். ஐந்தாறு போட்டால் பாய் விரித்த மாதிரி ஆகிவிடும்.

தாமரை இலை தூரத்தில் வெறும் கோடு, பக்கத்தில் வர வரத்தான் வட்டம்.

தாள் நெளிந்திருக்கிறது, மெலிந்த தாள்போல. அடுத்ததை தடித்த, 300 ஜி.எஸ்.எம். காட்டன் தாளில் போடு. நாலு பக்கமும் டேப் ஒட்டி, முழுதும் காய்ந்த பிறகே உரி.

அப்பா