யார் நியமித்தாலும் சரி, கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும்

பெறுநர்:
மாண்புமிகு துணைநிலை ஆளுநர் அவர்கள்,
ராஜ் நிவாஸ், தில்லி.

நகல்: தில்லி மாநகராட்சி மேயர், ஆணையர், மத்திய உள்துறை அமைச்சகம்.

பொருள்: அதிகாரிகள் நியமனத்தில் தகராறு நடக்கும் நாட்களிலும் மாநகராட்சியின் ஒவ்வொரு மேசையிலும் கையெழுத்து அதிகாரம் உள்ள ஒருவர் இருக்க உத்தரவிடக் கோருதல்.

ஐயா,

வணக்கம். யமுனைக்குக் கிழக்கே ஒரு காலனியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும், எங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கும் பீகார், உத்தராகண்ட், பஞ்சாப் குடும்பங்களும் எழுதிக்கொள்வது. இதன் இந்தி, ஆங்கிலப் பிரதிகள் தனியாக வருகின்றன. முதலில் தமிழில் எழுதியதற்கு ஒரே காரணம், என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் பேனாவைத் தொட மாட்டோம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். (அரசு அலுவலகங்களில் படித்த பிறகும் தொடுவதில்லை என்பதுதான் இந்த மனுவே.)

விஷயம் சின்னது. எங்கள் பின்பக்கத் தெருவில் மழைநீர் வடிகால் மேல் போட்டிருந்த சிமென்ட் ஸ்லாப்களில் ஏழு உடைந்து கிடக்கின்றன. அதில் ஒன்று சரியாக ஒரு வீட்டு வாசலில். போன மார்கழியில் அந்த வீட்டு அம்மா ஓட்டை மேல் பழைய கட்டிலின் பிளைவுட் பலகையைப் போட்டு, அதன்மேல் கோலம் போட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன் அந்தக் கோலத்தில் கால் வைத்து, முட்டி வரை உள்ளே போய்விட்டான். எலும்பு முறியவில்லை. சிலிண்டர் அவன் மேல் விழாமல் பக்கத்தில் விழுந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

யாரும் கவனிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டோம். இளநிலைப் பொறியாளர் வந்தார், டேப் வைத்து அளந்தார், எஸ்டிமேட் போட்டு ஃபைலை மேலே அனுப்பினார். நல்ல மனிதர், டீ கூடக் குடிக்காமல் போனார். அதற்கப்புறம் நான்கு தடவை அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை, அங்கே இருக்கும் குமாஸ்தாவை மாட்டிவிடுவது எங்கள் நோக்கமில்லை. முதல் தடவை, சாஹிப் மாற்றலாகிப் போய்விட்டார். இரண்டாவது தடவை, புது சாஹிப் இன்னும் வரவில்லை. மூன்றாவது தடவை, வேறொரு சாஹிப்புக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அவர் வேறு கட்டடத்தில் உட்காருகிறார், வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். நான்காவது தடவை அந்த இரண்டு நாளில் ஒன்றில் போய் அவரையே பிடித்தோம். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது: எனக்கு வழக்கமான வேலைகளைப் பார்க்கும் பொறுப்பைத்தான் கொடுத்திருக்கிறார்கள், பண ஒப்புதல் கொடுக்க எழுத்தில் எதுவும் இல்லை, நாளைக்குத் தணிக்கையில் என்னைத்தான் கேட்பார்கள்.

சரி என்று 10 ரூபாய் கட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஃபைலின் நோட்டிங் பக்கத்தை, அதாவது அதிகாரிகள் குறிப்பு எழுதும் பக்கத்தை, வாங்கினோம். கடைசி வரி இந்தியில், பச்சை மையில்: "உரிய அதிகாரி பொறுப்பேற்றதும் மறுபடி வைக்கவும்." கீழே கையெழுத்து இல்லை, சின்னதாக ஒரு சுழி மட்டும். அந்தச் சுழி யாருடையது என்றும் கேட்டுப் பார்த்தோம். குமாஸ்தா சிரித்துவிட்டு டிபன் பாக்ஸை மூடினார்.

இதைப் போய் ஆளுநருக்கு எழுதுவதா என்று எங்களுக்குள்ளேயே பேச்சு வந்தது. ஏழு ஸ்லாப் வேலை நின்றுபோனதற்கு, தில்லியில் யார் யாரை நியமிப்பது என்று உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்குகள்தான் நேரடிக் காரணம் என்று நாங்களும் சொல்லவில்லை. ஆனால் மேலே யார் தலை என்று தெரியாத இடத்தில் கீழே யாரும் பேனா மூடியைத் திறக்க மாட்டார்கள், இது இந்த ஊரில் ரேஷன் கார்டு வாங்கிய எல்லோருக்கும் தெரியும்.

தில்லியின் ஏற்பாடே அப்படி. மாநகராட்சி ஆணையரை நியமிப்பது மத்திய அரசு, 1957ஆம் வருடத்து தில்லி மாநகராட்சிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நாங்கள் ஓட்டுப் போட்ட கவுன்சிலர் அவரைக் கேள்வி கேட்கலாம், தேர்ந்தெடுக்க முடியாது. நிலம் டி.டி.ஏ. எனும் தில்லி வளர்ச்சி ஆணையத்திடம், அதற்குத் தலைவர் தாங்கள். போலீஸ் உள்துறையிடம். ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் குடிசைப் பகுதி 2025 ஜூன் 1ஆம் தேதி இடிக்கப்பட்டபோது எங்கள் உறவுக்காரர்கள் சிலர் அங்கே இருந்தார்கள், எந்தக் கதவைத் தட்டுவது என்று கண்டுபிடிப்பதற்கே அவர்களுக்குப் பாதிப் பொழுது போனது.

நடந்ததைக் கொஞ்சம் வரிசையாகச் சொல்கிறோம், தங்களுக்குத் தெரியாதது இல்லை, எங்களுக்கும் தெரியும் என்று தங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. மூன்றாக இருந்த மாநகராட்சியை 2022 மே 22 அன்று ஒன்றாக்கினார்கள், கவுன்சில் இல்லாமல் ஒரு சிறப்பு அதிகாரியைப் போட்டார்கள். டிசம்பர் 4 அன்று 250 வார்டுகளுக்குத் தேர்தல். நாங்களும் குளிரில் வரிசையில் நின்றோம். அப்புறம் மேயரைத் தேர்ந்தெடுக்க மன்றம் மூன்று தடவை கூடிக் கலைந்து, உச்ச நீதிமன்றம் தலையிட்டு, 2023 பிப்ரவரி 22 அன்றுதான் மேயர் வந்தார். இழுபறிக்கு முக்கியக் காரணம் ஆல்டர்மேன் எனப்படும் பத்து நியமன உறுப்பினர்கள். ஆளுநர் மாளிகையிலிருந்து 2023 ஜனவரியில் பத்துப் பேரை நியமித்தார்கள், அன்றைய தில்லி அரசு எங்களைக் கேட்காமல் எப்படி என்றது. மேயர் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை என்று நீதிமன்றம் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. ஆனால் மண்டல வார்டுக் குழுக்களில் அவர்களுக்கு ஓட்டு உண்டு, பெரிய ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தரும் நிலைக்குழுவுக்கு 12 மண்டலங்களிலிருந்தும் தலா ஒருவர் போகிறார், அதனால் பத்து ஓட்டுக்கு அவ்வளவு மதிப்பு.

நியமிக்கும் அதிகாரம் ஆளுநருக்குச் சட்டமே தந்தது, அமைச்சரவையின் ஆலோசனை தேவையில்லை என்று 2024 ஆகஸ்ட் 5 அன்று தீர்ப்பு வந்தது. விசாரணை முடிந்தது 2023 மே மாதம். நிலைக்குழுவுக்குத் தலைவர் வந்ததோ 2025 ஜூனில். அதாவது நாங்கள் ஓட்டுப் போட்டு இரண்டரை வருடம் கழித்து. அப்போது 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தம் எதுவானாலும் அந்தக் குழுவுக்குப் போகவேண்டும், குழுவே இல்லை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் ஊர் இரண்டுபட்டதில் கூத்தாடிக்குக்கூட பில் பாஸ் ஆகவில்லை.

இன்னொரு பக்கம் அதிகாரிகளை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்ற தகராறு. 2023 மே 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், அது தேர்ந்தெடுக்கப்பட்ட தில்லி அரசுக்கு என்றார்கள், அன்றைக்கே அந்த அரசு ஒரு செயலரை மாற்றியது, மே 19 அன்று மத்திய அரசின் அவசரச் சட்டம் வந்து அதிகாரம் ஆளுநர் பக்கமே திரும்பிப் போனது, ஆகஸ்டில் அது சட்டமாகவும் ஆகிவிட்டது. எட்டே நாள் இடைவெளி. அந்த எட்டு நாளில் ஒரு கடைநிலை அதிகாரி யாரைத் தன் மேலதிகாரி என்று நினைத்திருப்பார்? அதே வருடம் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தலைவர் யார் என்பதில் முதல்வரும் ஆளுநரும் ஒரு பெயரில் ஒத்துப்போகவில்லை, நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடியுங்கள் என்று சொல்லிப் பார்த்த உச்ச நீதிமன்றம், கடைசியில் ஆகஸ்டில் ஓய்வுபெற்ற நீதிபதி ஜெயந்த் நாத்தைத் தானே தற்காலிகமாகப் போட்டது. கரண்ட் பில் விஷயத்துக்கு நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் ஆள் தேடியது. தமிழ்நாட்டில் துணைவேந்தர் நியமனத் தகராறைப் பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு ஆச்சரியம் அவ்வளவாக இல்லை, அலுப்புதான்.

யார் சரி, யார் தப்பு என்று இந்த மனுவில் பேச விரும்பவில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், ஸ்லாப் இருவருக்கும் உடைந்திருக்கிறது. நியமன அதிகாரம் மத்திய அரசிடம் இருந்தால் பொறுப்பு தெளிவாக இருக்கும் என்று சிலர் சொல்கிறோம், ஓட்டு வாங்கியவர்களிடம் இல்லாத அதிகாரம் எதற்கு உதவும் என்று சிலர் சொல்கிறோம். இதை எழுதுகிறவன் இரண்டாவது கூட்டம். ஆனால் நாங்கள் எல்லோரும் ஒத்துப்போனது ஒரு விஷயத்தில்தான்: யார் நியமிப்பது என்ற சண்டை முடியும்வரை யார் கையெழுத்துப் போடுவது என்பதை எழுதி வைத்துவிட்டுச் சண்டை போடுங்கள்.

அதனால் முதலாவதாகவும் முக்கியமாகவும் கேட்பது இது. மாநகராட்சியில் ஒப்புதல் அதிகாரம் உள்ள எந்தப் பதவியும் காலியானால், அன்றைக்கே அடுத்தவர் யார் என்று எழுத்து மூலம் உத்தரவு வரவேண்டும், கூடுதல் பொறுப்பு என்றால் பண ஒப்புதல் அதிகாரத்தோடு சேர்த்து. வெறும் நாற்காலிப் பொறுப்பு வேண்டாம். அந்தப் பெயர், அவர் உட்காரும் அறை, வரும் நாட்கள் எல்லாம் அலுவலக வாசலில் ஒரு போர்டில் இருக்கவேண்டும். சாக்பீஸில் எழுதினாலும் போதும், ஃபிளெக்ஸ் பேனர் கேட்கவில்லை.

ஒரு பெயர் பற்றி ஆளுநர் மாளிகைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட தரப்புக்கும் கருத்து வேறுபாடு வந்தால், இத்தனை நாளில் முடிக்கவேண்டும் என்று ஒரு கெடு வைக்கலாம், நாங்கள் 30 நாள் என்று நினைத்தோம். எங்கள் தகவல் மனுவுக்குப் பதில் தர ஒரு குமாஸ்தாவுக்குச் சட்டம் கொடுப்பதும் 30 நாள்தான். அதுவரை பழைய அதிகாரி நாற்காலியை விட்டுப் போகக்கூடாது.

மாற்றல் விஷயத்திலும் ஒரு வேண்டுகோள். முன்னாள் கேபினட் செயலர், நம்மவர், டி.எஸ்.ஆர். சுப்ரமணியனும் வேறு சில ஓய்வுபெற்ற அதிகாரிகளும் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபர் 31 அன்று தீர்ப்புச் சொன்னது: அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும், வாய்மொழி உத்தரவை நம்பி வேலை செய்யக்கூடாது. அது ஐ.ஏ.எஸ். போன்ற பெரிய பதவிகளுக்கான பேச்சு என்பார்கள். எங்கள் வடிகாலைப் பொறுத்தவரை பெரிய பதவி உதவிப் பொறியாளர்தான். அவரை வேலை நடுவில் தூக்குவதாக இருந்தால், கையில் இருக்கும் ஃபைல்களைப் பட்டியல் போட்டு, வருகிறவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பேங்கில் ஒரு சாவி கைமாறினாலே ரிஜிஸ்டரில் எழுதுகிறார்கள்.

ஆல்டர்மேன்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அதிகாரம் தங்களுடையது, தீர்ப்பும் வந்துவிட்டது, அதை மறுபடி கிளறவில்லை. ஆனால் நகராட்சி நிர்வாகத்தில் தனி அறிவோ அனுபவமோ உள்ள பத்துப் பேர் என்றுதான் சட்டம் சொல்கிறது. அடுத்த முறை நியமிக்கும்போது, இன்னாருக்கு இன்ன அனுபவம் என்று ஆளுக்கு இரண்டு வரி வெளியிடுங்கள். தமிழர் ஒருவர் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, குடிநீர் வாரியமான ஜல் போர்டில் முப்பது வருடம் பைப் பார்த்தவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

இப்போது எதற்கு இது என்று தோன்றலாம். 2025 பிப்ரவரியில் சட்டமன்றமும் ஏப்ரலில் மேயர் பதவியும் மத்தியில் ஆளும் கட்சிக்கே வந்துவிட்டன, சண்டைச் சத்தம் இல்லை. அதனால்தான் இப்போது கேட்கிறோம். விதி அப்படியேதான் இருக்கிறது, கட்சி மாறினால் மறுபடி அதே கதை. வெள்ளம் வருமுன் அணை போடச் சொல்லித்தான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். தவிர, சண்டை இல்லாத இந்தக் காலத்திலும் எங்கள் ஃபைல் அந்தப் பச்சை மைக் குறிப்போடு அங்கேயேதான் இருக்கிறது என்பதையும் பணிவோடு சொல்லிக்கொள்கிறோம்.

தில்லிக்குப் பருவமழை வழக்கமாக ஜூன் கடைசியில் வந்துவிடும். அதற்குள் பொது உத்தரவு சாத்தியமில்லை என்றால், குறைந்தது இந்த ஒரு ஃபைலுக்காவது யாரிடம் போவது என்று ஒரு பெயர் சொல்லுங்கள், நாங்களே எடுத்துக்கொண்டு போகிறோம்.

இணைப்பு: நோட்டிங் பக்கத்தின் நகல் 1, ஸ்லாப்களின் போட்டோ 7, கோலம் போட்ட பலகையின் போட்டோ 1, கையெழுத்துப் பக்கங்கள் 6.

இப்படிக்கு,
பின்பக்கத் தெருவாசிகள்,
கிழக்கு தில்லி.