இடுப்பு எக்ஸ்ரே அறிக்கையில் எண் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செரிப்ரல் பால்ஸி எனும் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளைப் பற்றிய பேச்சில் நடை, பேச்சு, வலிப்பு, பள்ளி எல்லாம் வருகின்றன. இடுப்பு மூட்டு மட்டும் விடுபட்டுப்போகிறது. பிறக்கும்போது அந்த மூட்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பிறகுதான், வலியே இல்லாமல், மெல்ல மெல்ல விலகத் தொடங்கும். வலி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், எளிய சிகிச்சைக்கான காலம் பெரும்பாலும் கடந்திருக்கும்.

தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் நன்றாகப் பதிந்து அழுத்தினால்தான் கிண்ணம் ஆழமாக வளரும். குழந்தை நின்று நடக்கும்போது அந்த எலும்பின் கழுத்துக் கோணம் குறையும். பிறவியிலேயே அது முன்பக்கமாக முறுகியிருப்பதும் தளரும். நிற்காத குழந்தைக்கு இந்த இரண்டும் நடப்பதில்லை. அதோடு தொடையை உள்ளே இழுக்கும் தசைகளும் மடக்கும் தசைகளும் இறுகியிருந்தால், உருண்டை வெளியேயும் மேலேயும் நகர்கிறது. "இறுக்கம் இல்லை, உடம்பு துவண்டுதான் இருக்கிறது, அதனால் பயமில்லை" என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. இறுக்கமா, துவளலா என்பதைவிட, குழந்தை எந்த அளவுக்கு நடக்கிறது என்பதே ஆபத்தைக் காட்டும்.

அந்த அளவைச் சொல்வதுதான் ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற ஐந்து நிலைப் பகுப்பு. தங்கு தடையின்றி நடப்பது நிலை 1. தலையையும் உடம்பையும் நிமிர்த்திப் பிடிக்கவே சிரமப்படுவது நிலை 5. 2006-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், இடுப்பு விலகியிருந்த குழந்தைகள் மொத்தத்தில் 35 சதவீதம். நிலை 1-இல் ஒருவருமில்லை. நிலை 2-இல் 15, நிலை 3-இல் 41, நிலை 4-இல் 69, நிலை 5-இல் 90 சதவீதம். பெற்றோர் தம் குழந்தையின் நிலையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பிசியோதெரபிஸ்டைக் கேட்டால் சொல்வார். ஒரு விதிவிலக்கும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் பாதித்து, நன்றாக நடந்தாலும், அந்தப் பக்கத் தொடை உள்முகமாகத் திரும்பியும் மடங்கியும் இருக்கும் சில குழந்தைகளுக்கு விலகல் தாமதமாக வரலாம். நடக்கிறதே என்று அவர்களை விட்டுவிடக் கூடாது.

ஆஸ்திரேலிய வழிகாட்டியின்படி, முதல் எக்ஸ்ரே 12 முதல் 24 மாத வயதுக்குள் எடுக்க வேண்டும். நோய் பிந்திக் கண்டறியப்பட்டால் உடனே எடுக்க வேண்டும். நிலை 3, 4, 5 குழந்தைகளுக்கு அடுத்தது 6 மாதத்தில். விலகலின் அளவு ஒரே சீராக நிற்கும்வரை 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு எலும்பு வளர்ச்சி முடியும்வரை ஆண்டுக்கு ஒருமுறை. நிலை 1, 2-க்கு இவ்வளவு அடிக்கடி தேவையில்லை. ஆனால் நிலையைச் சரிபார்க்கும் மறுபரிசோதனைகள் உண்டு.

எடுத்தால் போதாது, எடுக்கும் விதமும் சரியாக இருக்க வேண்டும். குழந்தை மல்லாந்து படுக்க வேண்டும். இடுப்பு இரு பக்கமும் ஒரே மட்டத்தில், தொடைகள் விரியாமலும் ஒட்டாமலும் நேராக, முழங்கால் சில்லுகள் மேல்நோக்கி இருக்க வேண்டும். தொடை மடங்கிய நிலையில் இறுகிப்போன குழந்தையின் காலை மேசையில் அழுத்தி நீட்டினால் கீழ்முதுகு வளைந்து, கிண்ணத்தின் தோற்றமே மாறிவிடும். முதுகு மேசையில் படியும்வரை முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்க வேண்டும். கால்கள் குறுக்காகப் போயிருந்தால் விலகல் கூடுதலாகத் தெரியும். அகட்டிப் பிடித்தால் குறைவாகத் தெரியும். ஆறு மாத இடைவெளியில் இப்படி எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு அறுவை சிகிச்சையை முடிவு செய்ய முடியுமா? கதிர்வீச்சு படாமலிருக்க வைக்கும் இனப்பெருக்க உறுப்புக் கவசம் மூட்டை மறைத்துவிட்டால் படமே வீண். வழக்கமாகக் கவசம் வைக்க வேண்டாம் என்று பல கதிரியல் அமைப்புகள் இப்போது அறிவுறுத்துகின்றன.

இனி அளவு. கிண்ணத்தின் வெளிவிளிம்பிலிருந்து கீழே இறக்கும் நேர்க்கோட்டுக்கு வெளியே, உருண்டையின் அகலத்தில் எத்தனை சதவீதம் நிற்கிறது என்று பார்க்கிறோம். உருண்டையின் அகலம் 24 மில்லிமீட்டர், கோட்டுக்கு வெளியே 6 மில்லிமீட்டர் என்றால் 25 சதவீதம். இதுதான் மைக்ரேஷன் பர்சன்டேஜ். 30-ஐத் தாண்டினால் விலகல் என்று கொண்டு, குழந்தைகள் எலும்பு அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 40-ஐத் தாண்டிய மூட்டு தானாகத் திரும்புவது அரிது. 100 என்றால் முழுதாகக் கழன்றுவிட்டது. 30-க்குள்ளேயே இருந்தாலும் ஓராண்டில் 10 புள்ளி ஏறியிருந்தால் சும்மா இருக்கக் கூடாது. அதே நேரம் நான்கைந்து புள்ளி வித்தியாசம் அளப்பதிலேயே வரக்கூடும் என்பதால், கூடியவரை ஒருவரே அளப்பது நல்லது.

எங்கள் ஆதங்கம் இங்கேதான். பல அறிக்கைகள் "மூட்டு விலகல் இல்லை" என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகின்றன. 28-ம் அதுதான், 8-ம் அதுதான். அடுத்த முறை ஒப்பிட எதுவும் மிஞ்சுவதில்லை. வலம் எவ்வளவு, இடம் எவ்வளவு என்று இரண்டு எண்கள் வேண்டும். எக்ஸ்ரே கேட்டு எழுதும் சீட்டிலேயே "மைக்ரேஷன் பர்சன்டேஜ், இரு பக்கமும்" என்று மருத்துவர் குறித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெற்றோர் பழைய படங்களைத் தூக்கி எறிய வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சாய்வாக எடுத்த செல்போன் படத்தில் அளக்க முடியாது. அசல் படமோ, குறுந்தட்டோ கையில் இருக்கட்டும்.

கையால் பரிசோதிப்பது துணைக்கு மட்டுமே. தொடையை அகட்டும் கோணம் 30 டிகிரிக்குக் கீழே குறைவது, ஒரு பக்கம் மற்றதைவிடக் குறைவது, டயபர் மாற்றவே சிரமமாவது ஆகியவை கவனிக்க வேண்டியவை. ஆனால் இவை எதுவும் இல்லாமலேயே விலகல் நடந்துகொண்டிருக்கலாம்.

சீக்கிரம் பிடித்தால் உள்தொடைத் தசைநார்களைத் தளர்த்தும் சிறு அறுவையோ, சில குழந்தைகளுக்கு எலும்பின் வளர்ச்சியைத் திருப்பிவிடும் ஒற்றைத் திருகோ கைகொடுக்கலாம். பிந்தினால் தொடை எலும்பை வெட்டித் திருப்பி, தகடு வைத்து, கிண்ணத்தையும் சீரமைக்க வேண்டிவரும். இன்னும் பிந்தினால் உருண்டையையே அகற்றுவது போன்ற, வலியைக் குறைப்பதை மட்டும் நோக்கமாகக் கொண்ட வழிகள்தாம். போடாக்ஸ் ஊசியும் அகட்டுப் பட்டையும் இறுக்கத்துக்கும் வசதிக்கும் உதவலாம். விலகலைத் தடுத்துவிடும் என்று அவற்றை நம்பி எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடக் கூடாது. அறுவை முடிந்த பிறகும் கண்காணிப்பு தொடர வேண்டும். திருத்திய மூட்டு மறுபடி நழுவுவதுண்டு.

தெற்கு ஸ்வீடனில் 1994-இல் இத்தகைய முறையான கண்காணிப்பு தொடங்கியது. அதன்பின் அங்கே முழுதாகக் கழன்ற இடுப்பு அரிதாகிவிட்டது. புது மருந்து எதுவும் அதற்குக் காரணமில்லை. குழந்தைகளின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, நாள் தவறாமல் அழைத்து, படம் எடுத்து, எண்ணை எழுதினார்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் எலும்பியல், பிசியோதெரபி துறைகளில் பணிபுரியும் வாசகர்கள்