பத்திரத்தில் என் பெயர் மட்டும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. பெரியவள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும் நேரத்தில், வேலைக்கும் போய்க்கொண்டு வீடும் தேடுகிறாயே, உன் தெம்பு யாருக்கு வரும்!

நான் வாங்கிவிட்டேன். திருச்சி வயலூர் சாலைப் பக்கம், பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. விலை 32 லட்சம். கட்டடம் நிற்கும் நிலத்தில் நமக்கு வரும் பங்கு, பிரிக்கப்படாத மனைப் பாகம், யூடிஎஸ் என்கிறார்களே, அது 450 சதுர அடி வருகிறது. அதே விலைக்குப் பார்த்த புது வீடுகளில் 300 கூட இல்லை. சுவருக்கு வயதாகும், நிலத்தில் உள்ள பாகம் பிள்ளைகள் காலத்திலும் மதிப்போடு நிற்கும். நீ பார்க்கும் வீடுகளிலும் முதலில் அதைக் கேள். பத்திரம் என் பெயரில், என் பெயரில் மட்டும்.

உன் அண்ணன் தன் பெயரையும் சேர்த்தால் கடன் எளிதாகக் கிடைக்கும் என்கிறார், செய்யலாமா என்று கேட்டிருந்தாய். கடனில் சேர்வது வேறு, பத்திரத்தில் சேர்வது வேறு. பத்திரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் கடனிலும் கையெழுத்திட வேண்டும் என்று வங்கிகள் பொதுவாகக் கேட்கும். கடனில் கையெழுத்திடுபவர் வீட்டுக்கு உரிமையாளராக இருந்தாக வேண்டும் என்பதில்லை. உதவ வேண்டும் என்றால் அண்ணன் கடனில் மட்டும் சேரட்டும். தவணை தவறினால் அவரும் பொறுப்பு என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடு. அவர் நல்லவர்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் அவர் பாகம் அவருக்குப் பிறகு அவர் வாரிசுகளுக்குப் போகும். உன் உழைப்பில் வாங்கிய வீட்டில் உன் பெண்கள் யாரிடமோ கையெழுத்துக் கேட்டு நிற்க வேண்டுமா?

என் அம்மா, "மகன் பெயரில் எழுதிவிடு" என்றார். மகளுக்கு என்ன பதில் சொல்வது? அதோடு, மைனர் பெயரில் வாங்கினால் பிறகு விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சம்பாதிப்பவளும் கடனைக் கட்டுபவளும் நான். பெயர் மட்டும் ஏன் வேறு ஒருவருடையதாக இருக்க வேண்டும்?

இதற்கு முன் ஒரு வீடு கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. தனி வீடு, முன்னால் ஒரு வேப்பமரம், பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. வழக்கறிஞர் வாரிசுச் சான்றை வாங்கிப் பார்த்தார். விற்பவர்களின் தந்தை உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். தாய் அவருக்கு முன்பே இறந்துவிட்டார். பிள்ளைகள் மூன்று பேர். விற்க முன்வந்தவர்கள் அண்ணன் தம்பி இருவர் மட்டும். மூன்றாமவர் அவர்களுடைய அக்கா. "கல்யாணத்துக்கே நகை போட்டு எல்லாம் செய்துவிட்டோம், அக்கா எதுவும் கேட்க மாட்டார்" என்றார்கள். தந்தை சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்பது 1956இலேயே சட்டமாகிவிட்டது. அந்த அக்கா பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்துத் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்றேன். விலையைக் குறைத்துத் தருகிறோம் என்றார்களே தவிர, அவரிடம் போய்க் கேட்கச் சம்மதிக்கவில்லை. விட்டுவிட்டேன். வழக்கு வரும் என்ற பயம் ஒரு பக்கம் இருந்தது. இன்னொரு பெண்ணின் பங்கை விழுங்கிய வீட்டில் என் பிள்ளைகளை வளர்க்க மனம் ஒப்பவில்லை என்பதுதான் பெரிய காரணம்.

கடனுக்காக முதலில் போன வங்கியில் கணவரை அழைத்து வரச் சொன்னார்கள். அப்படி விதி இருந்தால் எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன், கொடுக்கவில்லை. வேறு வங்கியில் என் சம்பளச் சீட்டைப் பார்த்தே 24 லட்சம் கொடுத்தார்கள். தவணை மாதம் 20 ஆயிரத்தைத் தொடுகிறது. மீதிக்கு பி.எஃப். பணமும் நகையும். பதிவுச் செலவை மறந்துவிடாதே: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எனக்கு அதுவே 2 லட்சத்து 88 ஆயிரம். வங்கி அதை வீட்டு விலையோடு சேர்த்துக் கணக்கிடாது, கையிலிருந்துதான் போட வேண்டும். பெண்களுக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு என்று நீ எழுதியது உண்மைதான், 2025 ஏப்ரல் முதல் இருக்கிறது. ஆனால் 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குத்தான். நகரத்தில் வீடு வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வரம்பு எட்டாது. அதை உயர்த்தியே ஆக வேண்டும்.

பத்திரம் பதிவான கையோடு உயிலும் எழுதிவிட்டேன். எனக்கு விவாகரத்து வழக்கு இன்னும் முடியவில்லை. உயில் இல்லாமல் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைகளோடு கணவருக்கும் சம பங்கு. இத்தனை ஆண்டுகளில் பள்ளிக் கட்டணத்துக்குக்கூட ஒரு ரூபாய் தராதவருக்கு! இரண்டு சாட்சிகள் போதும். பதிவு கட்டாயமில்லை, நான் பதிவு செய்தேன். நீயும் எழுதிவிடு. கணவரை இழந்த தாய் தன் பிள்ளைகளுக்குக் காப்பாளரையும் உயிலிலேயே நியமிக்கலாம். கடன் தொகைக்கு ஈடாக ஓர் ஆயுள் காப்பீடும் எடுத்துக்கொள். ஒற்றைச் சம்பளத்தில் ஓடும் வீடுகள் நம்முடையவை.

நீ பார்த்திருக்கும் சிங்காநல்லூர் வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் பழைய பத்திரம்), வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமான விவரம்), வாரிசுச் சான்று எல்லாவற்றின் நகலையும் எனக்கு அனுப்பு. என் வழக்கறிஞரிடம் காட்டுகிறேன், சம்மதித்திருக்கிறார். பொங்கல் விடுமுறைக்குப் பெண்களை அழைத்துக்கொண்டு வா. தங்க இடம் இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அன்புடன்,
உன் தோழி
திருச்சி