பூவின் விலை எந்த டேபிளில்?

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் வாசிக்கிறாள். சின்னவள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். நான் தோவாளைப் பூச்சந்தையில் அதே கமிஷன் கடையில்தான் கணக்குப் பார்க்கிறேன், விடியுமுன் போய் மதியத்துக்குள் திரும்புகிற அதே வேலை. வீட்டு விசேஷம் இவ்வளவுதான்.

அஞ்சல்வழியில் பி.சி.ஏ. சேர்ந்ததைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த வயதில் டேட்டாபேஸ், அதாவது தகவல்களைக் கம்ப்யூட்டரில் ஒழுங்காக வைத்து எடுக்கும் பாடம், படித்து என்ன செய்யப் போகிறாய் என்றும் கேட்டிருந்தாய். அதற்குப் பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசி. மற்ற பேப்பர்களைப் பாஸ் பண்ணினால் போதும் என்றுதான் படிக்கிறேன். இந்த ஒரு பேப்பரை மட்டும் கீழே வைக்க மனசில்லை.

பாடம் எட்கர் காட் என்பவரில் தொடங்குகிறது. இங்கிலாந்துக்காரர், இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர், கணிதம் படித்தவர். ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்தபோது 1970-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுவரை பெரிய கணக்குகளை மேலிருந்து கீழாகக் கிளை பிரித்து வைப்பதுதான் வழக்கம். அப்போலோ விண்வெளித் திட்டத்துக்காக ஐ.பி.எம். செய்த ஐ.எம்.எஸ். அப்படிப்பட்டது. அதை எங்கள் கடைக்குக் கொண்டுவந்து பார். மேலே விவசாயி, அவருக்குக் கீழே பூ, அதற்கும் கீழே எடை. சுயம்பு அண்ணாச்சி இன்றைக்கு என்னென்ன கொண்டுவந்தார் என்று கேட்டால் உடனே பதில் வந்துவிடும். இன்றைக்கு யார் யார் பிச்சி கொண்டுவந்தார்கள் என்று கேட்டால் ஒவ்வொரு விவசாயியாக ஏறி இறங்க வேண்டும். அந்தப் பாதையைப் புரோகிராம் எழுதுகிறவன் மனதில் வைத்திருக்க வேண்டும், பாதை மாறினால் புரோகிராமையும் மாற்றி எழுத வேண்டும்.

காட் எல்லாவற்றையும் டேபிளாக, அதாவது வரியும் கட்டமுமாகக் கோடு போட்ட பட்டியலாக, வைக்கச் சொன்னார். ஒரு டேபிளையும் இன்னொன்றையும் சேர்ப்பது இரண்டிலும் பொதுவாக எழுதியிருக்கும் மதிப்புதான். கேட்கிறவன் என்ன வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும், எந்த வழியாக எடுப்பது என்பதை மெஷின் பார்த்துக்கொள்ளும். பழைய ஐ.எம்.எஸ். நன்றாக விற்றுக்கொண்டிருந்ததால் அவருடைய கம்பெனியே இதைக் கையில் எடுக்கத் தயங்கியது. ஆனாலும் 1974-ல் அங்கேயே சேம்பர்லினும் பாய்ஸும் சேர்ந்து, டேபிள்களிடம் கேள்வி கேட்கும் இன்றைய எஸ்.க்யூ.எல்.லுக்கு மூலமான மொழியை வெளியிட்டார்கள். பாய்ஸ் அதே வருஷம் சின்ன வயதிலேயே இறந்துபோனார். பாடத்தில் டேபிள் பிரிக்கும் விதிகளில் ஒன்றான பாய்ஸ்-காட் நார்மல் ஃபார்ம் வரும்போதெல்லாம் அவர் ஞாபகம் வருகிறது. காட்டுக்கு 1981-ல், கம்ப்யூட்டர் துறையின் பெரிய விருதான டூரிங் விருது கிடைத்தது.

சரி, நார்மலைசேஷனுக்கு, அதாவது எதை எந்த டேபிளில் வைப்பது என்று பிரிக்கும் முறைக்கு, வருகிறேன். எங்கள் பேரேட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: தேதி, விவசாயி பெயர், ஊர், போன் நம்பர், பூ, எடை, விலை, வாங்கியவர், அவருடைய ஊர். ஒரு விவசாயி போன் நம்பரை மாற்றினால் அவர் பெயர் வரும் எல்லா வரியையும் திருத்த வேண்டும். ஒன்றை விட்டாலும் ஒரே ஆளுக்கு இரண்டு நம்பர் ஆகிவிடும். முன்பணம் வாங்கிவிட்டு இன்னும் பூ கொண்டுவராதவருக்குப் பேரேட்டில் இடமே இல்லை. பழைய வரிகளை அழித்தால் அந்த மனிதரும் சேர்ந்து அழிந்துபோவார். இந்த மூன்று தொல்லைகளையும் புத்தகம் பெயர் வைத்தே சொல்கிறது. அதற்கு வழி, விவசாயிக்குத் தனி டேபிள், வியாபாரிக்குத் தனி டேபிள், பூவுக்குத் தனி டேபிள், விற்பனைக்கு ஒன்று. இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருப்பதுதான்.

எனக்கு உண்மையிலேயே கண் திறந்தது விலையில். பொருளின் எண் தெரிந்தால் விலை தெரியும், ஆகவே விலையைப் பொருள் டேபிளில் வை என்று புத்தகத்தில் ஓர் உதாரணம் உண்டு. மளிகைக் கடைக்கு அது பொருந்தலாம். தோவாளையில் பிச்சி என்று மட்டும் சொன்னால் விலை தெரிந்துவிடுமா? தேதியைச் சேர்த்துச் சொன்னாலும் தெரியாது. இருட்டோடு ஒரு விலை, வெளியூர் லோடு இறங்கியதும் ஒரு விலை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கேரள வியாபாரிகள் வண்டியோடு வந்து நின்றால் அது வேறு. ஓணத்துக்கு முன்னால் கிரேந்திக்கும் வாடாமல்லிக்கும் நடப்பது உனக்கே தெரியும். ஆகவே எங்கள் சந்தையில் விலை பூவைச் சார்ந்ததே இல்லை, அந்த ஒரு விற்பனையைத்தான் சார்ந்தது. அது விற்பனை வரியில்தான் இருக்க வேண்டும். பூ டேபிளில் வைத்துத் தினமும் திருத்திக்கொண்டிருந்தால், போன ஓணத்துப் பில்லை எடுத்துப் பார்க்கும்போது அதில் இன்றைய விலை நிற்கும்.

இதை இன்னும் ஒரு படி யோசித்துப் பார் மக்கா. ஒருநாள் காலையில் எல்லாப் பிச்சியும் ஒரே விலைக்குப் போயிருக்கலாம். அந்த வரிகளை மட்டும் பார்க்கிறவன், ஒரே எண்ணை ஏன் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள் என்று விலையைப் பூ டேபிளுக்குப் பிரித்துவிடுவான். வரிகளை வைத்து ஒரு விதி பொய் என்று காட்டலாம், மெய் என்று காட்ட முடியாது. எது எதைச் சார்ந்திருக்கிறது என்பதைச் சந்தைக்குள் நின்றவன்தான் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் படித்தவர்களின் படிப்பு என்று நான் நினைத்திருந்ததில், பாதி வேலை தொழில் தெரிந்தவனைத் தேடிப் போய்க் கேட்பதாக இருக்கிறது. அதனால்தான் இது எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்து நல் (NULL) என்று ஒன்று இருக்கிறது, மதிப்பு தெரியாத கட்டத்துக்கு வைக்கும் அடையாளம். பூ இறங்கி எடையும் போட்டாகிவிட்டது, விலை மட்டும் இன்னும் தீரவில்லை என்று வை. அந்தக் கட்டத்தில் பூஜ்யம் எழுதக் கூடாது, எழுதினால் அன்றைய சராசரி சரிந்துவிடும். நல் என்று விட்டால் சராசரி எடுக்கும்போது எஸ்.க்யூ.எல். அதைக் கணக்கில் சேர்க்காது. ஆனால் 500-க்கு மேல் விற்றவற்றைக் கேட்டால் அந்த வரி வராது, 500-ம் அதற்குக் கீழும் விற்றவற்றைக் கேட்டாலும் வராது. ஆம், இல்லை என்பதோடு தெரியாது என்று மூன்றாவதாக ஒரு பதில் அங்கே உண்டு. விலை தெரியாதவை எவை என்று தனியாகக் கேட்டால்தான் அது வெளியே வரும். கிறிஸ் டேட் போன்ற இந்தத் துறையின் பெரிய ஆட்கள் நல் கூடவே கூடாது என்று வாதாடியிருக்கிறார்கள். குழப்பம் தருகிறது என்பது சரிதான். ஆனாலும் நான் நல் பக்கம்தான், அதற்குக் காரணம் உங்கள் கடற்கரை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்த அந்த வாரம், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைக் குறிக்க, கோவில் வளாகத்தில் நீ நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாய். பெயர், தகப்பன் பெயர், ஊர், படகு, எந்தத் துறைமுகத்திலிருந்து போனார் என்று கோடு போட்டு எழுதினாய். தூத்தூர் பக்கத்து ஆட்கள் கொச்சியிலிருந்தும் தொழிலுக்குப் போகிறவர்கள். ஒரே ஆள் அங்கே ஒரு பட்டியலிலும் இங்கே ஒரு பட்டியலிலும் இருந்திருப்பார். ஒரே ஊரில் எத்தனை அந்தோணி, எத்தனை சேவியர்! இனிஷியலை ஒருவர் முன்னால் போடுவார், ஒருவர் பின்னால் போடுவார். லட்சத்தீவில் ஒதுங்கினார்கள், மகாராஷ்டிரத்தில் கரை சேர்ந்தார்கள், குஜராத்தில் இருக்கிறார்கள் என்று போன் வர வர, ஒரு தாளில் அடித்த பெயர் இன்னொரு தாளில் அப்படியே நிற்கும். புத்தகம் சொல்லும் அதே தொல்லைதான். அங்கே அதன் விலை ஒரு வீட்டின் அழுகை.

உன் நோட்டில் வரியின் கடைசிக் கட்டத்தில், தகவல் வராதவர்களுக்கு நேராக, நீ ஒன்றும் எழுதாமல் விட்டாய். பக்கத்திலிருந்த ஒருவர் ஏதாவது எழுதி முடி என்று அவசரப்படுத்தியும் நீ எழுதவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே வைத்திருக்க ஓர் இடம் வேண்டும் என்று இந்தப் பாடம் சொல்லும்போது எனக்கு உன் நோட்டுதான் நினைவுக்கு வருகிறது.

ஒரு வரியை இன்னொன்றிலிருந்து பிரித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீ பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் கொடுத்துவிட்டால் போதும் என்று பலரும் எழுதுகிறார்கள். எண் கொடுப்பது சுலபம். அதே மனிதருக்கு இரண்டு எண் விழாமல் பார்ப்பதுதான் வேலை. அதற்குத் தகப்பன் பெயர், ஊர், பிறந்த தேதி என்று எதெல்லாம் சேர்ந்தால் ஒருவர்தான் என்று உறுதியாகுமோ அதையும் யூனிக், அதாவது இன்னொரு வரியில் திரும்ப வரக் கூடாது, என்று விதியாக எழுதிவைக்க வேண்டும்.

அப்புறம் டிரான்ஸாக்‌ஷன். வியாபாரி கணக்கில் பற்று எழுதி, விவசாயி கணக்கில் வரவு எழுதுமுன் கரண்டு போனால் இரண்டுமே நடக்காத மாதிரி ஆகிவிட வேண்டும். பாதியில் நிற்கக் கூடாது. இதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஜிம் கிரே முக்கியமானவர். 1998-ல் டூரிங் விருது வாங்கினார். 2007 ஜனவரியில் தாயின் சாம்பலைக் கரைப்பதற்காக சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பாய்ப்படகில் தனியாகப் போனவர் திரும்பவே இல்லை. சாட்டிலைட் படங்களை ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்து அலசியும் படகு அகப்படவில்லை. இறந்ததாக நீதிமன்றம் அறிவித்தது 2012-ல். உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த செமஸ்டரில் ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். பூச்சந்தையைச் செய்வது எனக்குச் சுலபம். ஆனால் படகு, ஆள், பயணம் என்று மூன்று டேபிளும், எந்தப் பயணத்தில் யார் போனார் என்பதற்கு நான்காவதாக ஒன்றும் வைத்து, படகு கிளம்புமுன்னே கரையில் பட்டியல் இருக்கும்படி ஒன்று செய்ய ஆசை. காற்று அடித்த பிறகு நோட்டு விரிப்பதைவிட அது மேல். உண்மையான ஒருவருடைய பெயரையும் அதில் போட மாட்டேன்.

அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். ஒரு படகுக்கு ஓனர் ஒருவர்தானா, பங்குக்காரர்கள் பலரா? பங்கு பாதியில் கைமாறினால் அதை எங்கே எழுதுவீர்கள்? படகு ஓட்டும் ஸ்ராங்கு பயணத்துக்குப் பயணம் மாறுவாரா, படகோடு இருப்பவரா? கொச்சியில் ஏறிய ஆள் வேறு துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து வேறு படகில் போவது உண்டா? படகை விற்றால் பெயர் மாறுமா, பதிவெண்ணும் மாறுமா? கிளம்புகிற நேரத்தில் ஒருவர் வராமல் போனால் கடைசி நிமிஷத்தில் ஏறுகிறவரை யார் குறித்துக்கொள்வார்கள்?

உனக்குத் தெரிந்தவரை எழுது. டிசம்பர் 3-ம் தேதி கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்கு எப்படியும் வருவாய், பழைய நோட்டு இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வா. அம்மாவும் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
உன் மக்கா