ஹீமோன் வரும் காட்சியை வெட்டாதே

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாடிக் குழாயை மாற்றியாயிற்று. சோபக்ளீஸ் எழுதிய பழைய கிரேக்க நாடகம் ‘ஆன்டிகனி’யை நீ மேடையேற்றப்போவது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளோடு பேசவாவது உனக்கு நேரம் கிடைக்கிறதே, சந்தோஷம்.

நேரம் போதவில்லை என்று, ராஜா கிரியோனின் மகன் ஹீமோன் வரும் காட்சியைப் பாதியாக்குகிறாயாம். மூலத்தில் அது 140 வரிதான். நாடகம் மொத்தம் 1,350 சொச்சம். குறைத்தே ஆக வேண்டுமென்றால் டேனே, லைகர்கஸ் கதைகள் வரும் கோரஸ் (பாடகர் குழு) பாட்டில் கை வை. அதையும் அடியோடு எடுத்துவிடாதே. ஆன்டிகனியாக உள்ளே போனவர் குருட்டுச் சோதிடர் டைரீசியஸாக வெளியே வர அந்த 40, 45 வரிதான் அவகாசம். பாட்டைத் தூக்கினால் பாதி கட்டிய தாடியோடுதான் வந்து நிற்பார்.

மூன்றே நடிகர்கள், 15 பேர் கோரஸ் என்று சோபக்ளீஸ் காலத்துக் கணக்கிலேயே நடத்துகிறாய் என்றதும் அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன். பாத்திரங்களை இப்படிப் பிரித்துப் பார். ஆன்டிகனி, ஹீமோன், டைரீசியஸ், கிரியோனின் மனைவி யூரிடிசி நாலும் ஒருவருக்கு. ஆன்டிகனியின் சகோதரி இஸ்மீனி, காவலன், தூதன் இன்னொருவருக்கு. கிரியோன் மட்டும் தனியாக மூன்றாமவருக்கு. வரிகளை எண்ணிப் பார்த்துவிட்டேன், எங்கும் இடிக்காது. செங்கோல் பிடிக்கிற ராஜா வேஷம் மூன்றாம் நடிகனுக்குத்தான் என்று ஏதென்ஸ் பேச்சாளர் டெமாஸ்தனீஸ், ஒரு காலத்தில் கிரியோனாக நடித்த தன் எதிரி ஈஸ்கினீஸைக் கேலி செய்திருக்கிறார். இப்படிப் பிரித்தால் இன்னொன்றும் கிடைக்கும். முகமூடி மாறும், குரல் மாறாது. மருமகளாக வரவேண்டிய ஆன்டிகனி எதிர்த்துப் பேசிய அதே குரலில் மகனும் பேசுவான், குருட்டுச் சோதிடரும் பேசுவார். கிரியோன் மூன்று தடவையும் கேட்கமாட்டான்.

அவனை வில்லனாக்கிவிடாதே. வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதே, அன்றைய ஏதென்ஸ் அப்படி. டயோனிசஸ் விழாவில் நாடகம் தொடங்குமுன், போரில் அப்பாவை இழந்து ஊர்ச் செலவில் வளர்ந்த பையன்கள் கவசம் போட்டு அரங்கில் அணிவகுப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு, சொந்த ஊர்மேல் படை கொண்டுவந்து செத்த ஆன்டிகனியின் சகோதரன் பாலினைசீஸுக்கு அடக்கம் கிடையாது என்பது அநியாயமாகப் படாது. துரோகியை ஏதென்ஸ் ஆண்ட அட்டிகா மண்ணில் புதைக்கக் கூடாது என்று அவர்களிடமே சட்டம் இருந்தது. எல்லைக்கு வெளியே புதைக்கலாம். கிரியோன் அதற்கும் இடம் கொடுக்காமல் நாய்க்கும் பறவைக்கும் போட்டான். சட்டம் சரி, போன தூரம்தான் தப்பு. முதல் காட்சியிலேயே அவன் கத்த ஆரம்பித்தால் இது யாருக்கும் புரியாது.

ஹீமோனும் கத்தக் கூடாது. அவன் பணிவாகத்தான் வருகிறான். வெள்ளத்தில் வளைந்து கொடுக்கிற மரம் கிளையோடு தப்பும், முறுக்கிக்கொண்டு நிற்பது வேரோடு போகும் என்கிறான். பாய்க்கயிற்றைத் தளர்த்தாதவன் படகு கவிழும் என்கிறான். அப்பன் பதில், இந்த வயதில் ஒரு பொடியனிடமா பாடம் கேட்பது என்பது. அதற்குப் பிறகுதான் ஒற்றை ஒற்றை வரியாகச் சண்டை. இனி என் முகத்தைப் பார்க்கமாட்டாய் என்று மகன் போகிறான். முதல் பாதியை வெட்டினால் வெறும் சண்டை மிஞ்சும். அதனால்தான் சொல்கிறேன், அந்தக் காட்சியை வெட்டாதே.

தடையை மீறிச் சகோதரனை அடக்கம் செய்த ஆன்டிகனியைக் கிரியோன் குகையில் அடைக்கிறான். அந்தக் குகைக் காட்சியைத் தூதன் வாயால் சொல்லும்போது வரிசை முக்கியம். முதலில் போய்ப் பெண்ணை விடு, பிறகு பிணத்துக்குக் கல்லறை எழுப்பு என்று 1,100ஆவது வரியில் கோரஸ் தெளிவாகச் சொல்கிறது. கிரியோன் தலைகீழாகச் செய்கிறான். பிணத்தைக் கழுவி, புதிதாய் ஒடித்த கிளைகளில் எரித்து, மேடு எழுப்பி, அப்புறம் குகைக்குப் போகிறான். அவள் தூக்கில் தொங்குகிறாள். மகன் அப்பன் முகத்தில் துப்பிவிட்டு வாளை உருவுகிறான். அது அப்பன்மேல் படவில்லை.

முதலில் போய்ப் பெண்ணை விடு என்கிற அந்த வரியைக் கரும்பலகையில் எழுதி எழுதி நடத்தியவன் நான். அந்த வாரம் சித்தப்பா வீட்டில் என் பேச்சு நிற்க வேண்டும் என்று முதலில் அங்கே போனேன். உன்னிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நீ சொல்ல வந்தது நியாயம்தான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். சரி.

யூரிடிசி, மகன் செத்த செய்தி கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போவாள். அளவு மீறிய மௌனம் பாரமாக இருக்கிறது என்று கோரஸ் அந்த இடத்தில் சொல்லும். அங்கே இசை எதுவும் வேண்டாம், அவள் நடந்து போவது மட்டும் கேட்கட்டும். அம்மாவும் இப்போதெல்லாம் உன்னைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஒத்திகை என்று இரவில் கண் விழிக்காதே.

அப்பா

பி.கு.: ஹீமோன் பேசும் முதல் சொல்லே ‘அப்பா’தான். அதைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்தச் சொல். கிரியோனாக வருபவர் அந்த இடத்தில் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.