கல்லிடைக்குறிச்சியில் இரண்டு நிமிடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. மாத்திரையால்தான், ஆனால் எண்ணெயால் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். சாரல் நன்றாக விழுகிறது.

போன மாதக் கடைசியில் காரை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் புனலூர் வரைக்கும் போய் வந்தோம். எல்லாம் நீ அனுப்பிய படத்தால் வந்தது. மலை, கீழே தண்டவாளம், திறந்திருந்த கார் கதவு. பக்கத்து சீட்டில் உன் பையும் தண்ணீர் பாட்டிலும். படம் எடுத்தது மாப்பிள்ளையாக இருக்கும் என்றாள் அம்மா. நான் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கவாட்டுக் கண்ணாடியில் போனைப் பிடித்திருந்தது உன் கை. அம்மாவிடம் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் தனியாக ஓட்டாதே. இருட்டிய பிறகு ஓட்டவே ஓட்டாதே.

புளியரை எஸ் வளைவில் கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் வரிசையாக நின்றன. எழுபது வயதுக்காரன் ஓட்டுகிறேன் என்று உன் அம்மா வழியெல்லாம் கைப்பிடியை விடவில்லை. ஆரியங்காவில் கும்பிட்டுவிட்டு இறங்கினோம். கழுதுருட்டியில் அந்தப் பதிமூணு கண் பாலத்துக்கு எதிரே, நீங்கள் இரண்டு பேரும் 2018-ல் நிறுத்திய அதே இடத்தில், காரை நிறுத்தினேன். பிராட்கேஜ் திறந்த வருஷம் அது. ஒரு வண்டியைப் பார்ப்பதற்காக மாப்பிள்ளை மூன்று மணி நேரம் மழையில் நின்றதாக நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாய். எனக்கு அன்றைக்குத்தான் அவரைப் பிடித்தது. ரயிலுக்காகக் காத்திருக்கத் தெரிந்த ஆளிடம் பொறுமை இருக்கும் என்று நினைத்தேன்.

1904-ல் போட்ட பாதை. செங்கோட்டையே அப்போது திருவிதாங்கூரில்தானே இருந்தது. 2010-ல் மீட்டர் கேஜை நிறுத்தி, எட்டு வருஷம் எங்களைக் காக்கவைத்தார்கள். அம்மா புளியோதரையைக் கையில் வைத்துக்கொண்டு கண்களை எண்ணினாள், பன்னிரண்டு வந்தது. மறுபடி எண்ணினாள், பதிமூன்று. முப்பது வருஷம் இந்த மலையில் ரயில் கார்டாக வேலை பார்த்தவனின் பெண்டாட்டி அந்தப் பாலத்தை நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை. பாஸ் இருந்தது. கூட்டிப் போகத்தான் தோன்றவில்லை.

மதியத்துக்கு மேல் கொல்லத்திலிருந்து எழும்பூர் போகும் வண்டி வந்தது. ஏற்றம் இல்லையா, முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் பாங்கர் எஞ்சின் தள்ள, நடக்கிற வேகத்தில்தான் ஏறியது. வீடியோ எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். இன்றைக்கும் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. நம்பர் ஏதும் மாற்றிவிட்டாரா? வேலை அதிகமாக இருக்கும். ராத்திரியில் வண்டி ஓட்டாதே, சொல்லிவிட்டேன்.

கார்டு கொடியோடு நின்றுகொண்டு போனார். இப்போது கார்டு என்று சொல்லக் கூடாதாம், டிரெயின் மேனேஜராம். நான் கை காட்டினேன். அவரும் காட்டினார். அம்மா மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "பச்சைக் கொடியைக் கண்டாலே எனக்கு ஆவாது" என்றாள். என்னத்துக்கு என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

உனக்கு நாலு வயதில் ஆச்சி வீட்டில் ஏழு மாதம் இருந்தீர்களே, ஆச்சிக்கு உடம்புக்கு முடியவில்லை என்றுதான் உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறோம். ஆச்சிக்கு ஒன்றும் இல்லை. உன் பெரியப்பாவுக்குப் பணம் அனுப்பியதில் தொடங்கிய பேச்சு, எங்கெங்கோ போய்விட்டது. கூப்பிட்டால் வருவாள் என்று எனக்குத் தெரியும். நான் கூப்பிடவில்லை. அப்போது எனக்குத் திருநெல்வேலி பாசஞ்சர் டூட்டி. கல்லிடைக்குறிச்சியில் இரண்டு நிமிடம் நிற்கும். ஒரு நாள் உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா பிளாட்பாரத்துக்கு வந்து நின்றாள். உனக்கு மஞ்சள் கவுன். ஒரு காலில் மட்டும் செருப்பு. "அப்பா" என்று கத்தினாய். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். விசில் ஊதினேன். கொடியைக் காட்டினேன். வண்டி ரைட் டைமில் கிளம்பியது.

பிறகு தாத்தாதான் உங்களைக் கொண்டுவந்து விட்டார். மறுநாள் உனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். அதோடு சரி. அம்மாவிடம் இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாலத்தடியிலும் சொல்ல வரவில்லை, புளியோதரை நன்றாயிருக்கிறது என்று சொன்னேன்.

நீ படித்தவள், சம்பாதிக்கிறவள், உனக்கு நான் என்ன சொல்ல. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன், என் மகள் அந்த ஊர் மலையிலேயே கார் ஓட்டுகிறாள் என்று. ஆனால் போனில் "நல்லா இருக்கேம்பா" என்று அவ்வளவு வேகமாகச் சொல்லாதே.

அடுத்த வாரம் கல்லிடைக்குறிச்சிக்குப் போகிறோம். அம்மா அப்பளம் வாங்கி உனக்குப் பார்சல் போட வேண்டும் என்கிறாள். நீ அப்பளம் தொடமாட்டாய், மாப்பிள்ளைக்குத்தான் எப்போதும் நாலு கட்டு. இந்தத் தடவை எத்தனை கட்டு வாங்கட்டும்? வேண்டாம் என்றாலும் சரிதான். அதை மட்டும் எனக்கு எழுது, அம்மாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா