மசாகாவில் இல்லம் கட்ட நினைக்கும் சகோதரிக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். லண்டனில் நண்பர்கள் சேர்ந்து, உகாண்டாவின் மசாகா பக்கம் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் கட்டப்போவதாக எழுதியிருந்தீர்கள். வரைபடம் தயார், 30 கட்டில், ஒரு சமையற்கூடம், சுற்றுச்சுவர் என்றும் சொல்லியிருந்தீர்கள். அந்த வரைபடத்தை மடித்து வைத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். அதே பணத்தில், அதே ஊரில், அதே பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய நன்மை செய்ய முடியும். உங்களைப் போல் யோசிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதைப் பொதுவில் வைக்கிறோம்.

மசாகாவுக்குத் தெற்கே, அப்போதைய ரக்காய் மாவட்டத்தின் (இப்போது கியோட்டேரா மாவட்டம்) விக்டோரியா ஏரிக்கரையில், கசென்செரோ என்றொரு மீன்பிடித் துறை இருக்கிறது. உகாண்டாவின் முதல் எய்ட்ஸ் நோயாளிகள் 1982இல் அங்கேதான் கண்டறியப்பட்டார்கள். நோய் வந்தவர்கள் எலும்பும் தோலுமாக வற்றிப்போனதால் ஊர் மக்கள் அதை ‘ஸ்லிம்’ என்று அழைத்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் அது தாய் தகப்பன்மாரை வீடு வீடாக வாரிக்கொண்டு போனது. மிஞ்சிய பிள்ளைகளைப் பெரும்பாலும் வளர்த்தெடுத்தவர்கள் ஜாஜாக்கள், அதாவது பாட்டிமார். ஒரு வாழைத்தோட்டம், கொஞ்சம் காப்பிச் செடி, ஒரு ஆடு இவற்றை வைத்துக்கொண்டு ஐந்தாறு பேரப்பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள் அவர்கள். இன்றும் அந்த வீடுகள் இருக்கின்றன. உங்கள் உதவி போய்ச் சேரவேண்டிய இடம் அந்த வீட்டு வாசல்.

ஐ.நா. கணக்கில் தாய், தந்தை இருவரில் ஒருவரை இழந்த பிள்ளையும் அனாதைதான். ஆகவே அந்தப் பட்டியலில் உள்ள பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். இல்லங்களில் சேர்க்கப்படும் பிள்ளைகளிலும் பெரும்பாலானோர் நிலை இதுதான். அங்கே சோறும் பள்ளிக்கூடமும் கிடைக்கும், வீட்டில் கிடைக்காது என்பதற்காக அனுப்பப்படுகிறார்கள். ஊரில் 30 கட்டில் போட்டால் அந்தக் கட்டில்களே பிள்ளைகளை வீட்டிலிருந்து இழுக்கும். வறுமை ஒன்றையே காரணம் காட்டி ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. உகாண்டாவிலும் 2013 முதல் தனி விதிகள் உண்டு. இல்லத்துக்கு அரசு அங்கீகாரம் வேண்டும், பிள்ளையைச் சேர்க்க மாவட்ட நன்னடத்தை, சமூகநல அலுவலர் வழியாக நீதிமன்ற ஆணை வேண்டும்.

இன்னொன்று, இது வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்கள் கண்ணில் படுவதே இல்லை. மசாகா அடங்கிய புகாண்டா என்ற பாரம்பரிய அரசப் பகுதியில் ஒருவருக்குக் குலம்தான் அடையாளம். பெயர் குலத்திலிருந்து வருகிறது. கல்யாணம் பேச, இறந்தவரை அடக்கம் செய்ய, காணியில் பங்கு கேட்கக் குலத்தார் வேண்டும். பத்து வருடம் சுற்றுச்சுவருக்குள் வளர்ந்து 18 வயதில் வெளியே வரும் பையனுக்கு ‘இவன் எங்கள் வீட்டுப் பிள்ளை’ என்று சொல்ல ஆள் இருக்காது. அப்பன் விட்டுப்போன நிலத்தில் அதற்குள் சித்தப்பா வாழை நட்டிருப்பார். ஜாஜா வீட்டிலேயே இருக்கும் பிள்ளை அந்த நிலத்தில் தினமும் நடமாடுகிறது, அக்கம்பக்கத்துக்கும் அது தெரியும். இதைவிட வலுவான பத்திரம் அவர்களில் பலருக்கு இல்லை.

சரி, வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு என்ன செய்வது? பள்ளிப்படிப்பை நடுவில் அறுந்துபோகாமல் காப்பதுதான் முதல் வேலை. உகாண்டாவில் தொடக்கப்பள்ளி 1997 முதலும் உயர்நிலை 2007 முதலும் இலவசம் என்று அறிவிக்கப்பட்டவை. ஆனால் எல்லா அரசுப் பள்ளிகளும் இலவச உயர்நிலைத் திட்டத்தில் இல்லை. இருக்கும் பள்ளிகளிலும் மதியச் சாப்பாடு, சீருடை, தேர்வுத் தாள், வளர்ச்சி நிதி என்று கேட்பார்கள். ஏழாம் வகுப்பு முடிவில் எழுதும் தொடக்கக் கல்வித் தேர்வுக்கும், உயர்நிலையின் முதல் வகுப்பான சீனியர் 1 சேர்க்கைக்கும் நடுவில்தான் பெற்றோரில்லாப் பிள்ளைகள் அதிகமாக உதிர்கிறார்கள். நீங்கள் கை கொடுக்கவேண்டிய இடம் அது.

எத்தனை பேரை எடுப்பது என்பதில்தான் சிறிய அமைப்புகள் பெரும்பாலும் விழுகின்றன. சீனியர் 1 முதல் 4 வரை நான்கு ஆண்டு, ஆண்டுக்கு மூன்று தவணை, மொத்தம் 12 தவணை. அதன்பின் மேல்நிலையோ தொழிற்பயிற்சியோ இரண்டு ஆண்டு. ஆக ஒரு பிள்ளையை ஏற்பது ஆறு ஆண்டுக் கடமை. ஆண்டுக்கு 30 பேருக்குக் கட்டும் பணம் கையில் இருந்தால் முதல் ஆண்டே 30 பேரைச் சேர்க்காதீர்கள். ஆண்டுக்கு 5 பேர் போதும். ஆறாம் ஆண்டில் தானாக 30 ஆகிவிடும், அதன்பின் 5 பேர் வெளியேற 5 பேர் உள்ளே வருவார்கள். ஆரம்ப ஆண்டுகளில் மிஞ்சும் பணத்தைத் தொடாமல் வையுங்கள். குறைந்தது ஓர் ஆண்டுக் கட்டணம் கையிருப்பில் இருக்கவேண்டும். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் உகாண்டாவில் முழுதாகத் திறந்தது 2022 ஜனவரியில். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி திடீரென நின்றபோது, அதை நம்பியிருந்த அனாதைப் பிள்ளைகளுக்கான திட்டங்களும் நின்றன. இப்படிப்பட்ட நாளில் கையிருப்புதான் பிள்ளையைக் காக்கும்.

ஒரு நன்கொடையாளருக்கு ஒரு பிள்ளை என்று பிரிக்க வேண்டாம். அவர் வேலை இழந்தால் பிள்ளை படிப்பை இழக்கும். எல்லாம் பொது நிதிக்கு வரட்டும்.

பணம் போகும் தேதி, போகும் தொகையைப் போலவே முக்கியம். தவணைகள் பிப்ரவரி தொடக்கம், மே கடைசி, செப்டம்பர் நடுவில் என்று ஏறக்குறைய தொடங்கும். ஜனவரி நடு, மே தொடக்கம், ஆகஸ்ட் கடைசிக்குள் பணம் அங்கே இருக்கவேண்டும். கட்டணம் வராத பிள்ளையை இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முன்பு அது பாட நஷ்டம் மட்டும். 2020இல் வந்த புதிய பாடத்திட்டத்தில், சீனியர் 4 பொதுத்தேர்வு மதிப்பெண்ணில் 20 விழுக்காடு பள்ளியிலேயே செய்யும் தொடர் மதிப்பீட்டிலிருந்து வருகிறது. ஆகவே வகுப்பில் இல்லாத வாரங்கள் இப்போது மதிப்பெண்ணையே அரிக்கும். இதே காரணத்தால் ‘அந்தப் பள்ளி நல்லது’ என்று நடுவில் பள்ளி மாற்றுவதையும் தவிருங்கள்.

கட்டணத்தை உறவினர் கையிலோ தலைமையாசிரியரின் சொந்தக் கைபேசி எண்ணுக்கோ அனுப்பாதீர்கள். பல பள்ளிகள் ஸ்கூல்பே என்ற மின்னணுக் கட்டண முறையில் இருக்கின்றன. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு எண் உண்டு, அந்த எண்ணுக்குக் கட்டினால் அந்தப் பிள்ளையின் கணக்கிலேயே பதிவாகும். அது இல்லாத பள்ளியில் வங்கிக் கணக்கில் கட்டி, முத்திரையிட்ட ரசீது வாங்குங்கள். அங்கே உங்கள் சார்பில் வேலை பார்ப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கணக்கில் இரண்டு கையொப்பம் இருக்கட்டும், இருவரும் உறவினராக இல்லாமல் இருக்கட்டும்.

கட்டணம் மட்டும் கட்டிவிட்டுப் பிள்ளை ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்பவர்கள் பலர். பள்ளி தரும் இன்னொரு பட்டியலைப் பாருங்கள்: தாள் கட்டு, துடைப்பம், கழிப்பறைத் தாள். விடுதி என்றால் தகரப் பெட்டி, மெத்தை, போர்வை, கொசுவலை, வாளி, பூட்டு. இவை இல்லாமல் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய்த் துணி அல்லது பேட் பட்டியலில் இருக்காது, நீங்கள் சேர்த்துவிடுங்கள். துவைத்துப் பயன்படுத்தும் பேட் உகாண்டாவிலேயே தயாராகிறது. அதோடு சோப்பும் இரண்டு உள்ளாடையும் கொடுக்காவிட்டால் அது பெட்டியிலேயே கிடக்கும்.

விடுதியா, நடந்து போகும் பள்ளியா? நடக்கும் தூரத்தில் ஒரு சுமாரான பள்ளி இருந்தால் அதுவே மேல் என்பது எங்கள் கருத்து. வீடு பாதுகாப்பில்லாத பிள்ளைக்கும், இருட்டில் நெடுந்தூரம் நடக்கும் பெண்ணுக்கும் விடுதி சரி. எச்.ஐ.வி. மருந்து எடுக்கும் பிள்ளை விடுதிக்குப் போனால் கூடுதல் கவனம் வேண்டும். தோழிகளுக்குத் தெரிந்துவிடுமோ என்று மாத்திரையை ஒளித்துவைத்து விட்டுவிடுவார்கள். மருத்துவமனையில் மூன்று மாத மருந்தை ஒன்றாகக் கேட்டு, வாங்கும் தேதியை விடுமுறையில் வரும்படி மாற்றுங்கள். பிள்ளையின் சம்மதத்தோடு பள்ளிச் செவிலியர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

காகிதங்களை முதல் ஆண்டிலேயே சரிசெய்யுங்கள். ஏழாம் வகுப்புச் சான்றில் ஒரு எழுத்தும் பிறப்புச் சான்றில் வேறு எழுத்தும் இருந்தால் பின்னால் பெரும் பாடு. உடன்பிறந்தவர்களுக்குப் பொதுவான குடும்பப் பெயர் அங்கே இருக்க வேண்டியதில்லை. ஆகவே கோப்புகளைப் பெயர்வாரியாக அல்லாமல் வீட்டுவாரியாக வையுங்கள். சீனியர் 4 தேர்வுக்கான பதிவு அந்த ஆண்டின் முதல் பாதியிலேயே முடிந்துவிடும். பதிவுக் கட்டணத்தைத் தனியே கேட்டுக் கட்டாவிட்டால் ஓர் ஆண்டு போச்சு.

ஒரே கூரையின் கீழ் ஐந்து பிள்ளைகள் இருக்க ஒருவனுக்கு மட்டும் புது ஷூ வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அதனால்தான் ஜாஜாவுக்கும் ஏதாவது வழி செய்யவேண்டும் என்கிறோம். நாங்கள் பார்த்ததில் நன்றாக நடப்பது கிராமச் சேமிப்புக் குழு. 1991இல் நைஜர் நாட்டில் தொடங்கிய முறை இது. 15 முதல் 25 பேர், ஒரு இரும்புப் பெட்டி, மூன்று பூட்டு, மூன்று பேரிடம் சாவி. ஒவ்வொரு கூட்டத்திலும் ஆளுக்கு ஒன்று முதல் ஐந்து பங்கு வரை வாங்கலாம். அதிலிருந்தே கடன், சாவு நோவுக்குத் தனியாகச் சிறு நிதி. ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் பிரித்துக்கொள்வார்கள். அந்தப் பிரிப்பை ஜனவரியில் வரும்படி வைத்தால் மற்ற பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு உதவும். நீங்கள் பெட்டிக்கும் பயிற்சிக்கும் மட்டும் செலவிடுங்கள். வெளிப்பணத்தைப் பெட்டிக்குள் போட்டால் கடனைத் திருப்பும் பழக்கம் கெட்டுவிடும்.

சீனியர் 4க்குப் பிறகு எல்லோரும் மேலே படிக்கமாட்டார்கள். தையல், வெல்டிங், மோட்டார்சைக்கிள் பழுதுபார்த்தல், கொத்துவேலை எதுவானாலும் அரசுச் சான்று தரும் பயிற்சி நிலையமா என்று பாருங்கள். பயிற்சியோடு கைகழுவினால் ஆறு மாதத்தில் தையல் மெஷின் விலைபோய்விடும். கருவிகள், முதல் மூன்று மாதக் கடை வாடகை, துணி வாங்கச் சிறு முதல் மூன்றையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். மின்தடை உண்டு, ஆகவே மிதி மெஷினாக இருக்கட்டும். ஓர் ஆண்டு வேலை நடந்தபின் மெஷினை அந்தப் பிள்ளையின் பெயருக்கு எழுதிக்கொடுங்கள்.

லண்டன் பக்க வேலை சுருக்கமானது. ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டினால் அறக்கொடை ஆணையத்தில் பதிவு செய்யவேண்டும். கிஃப்ட் எய்டு என்ற வரிச் சலுகைக்கு வரித்துறையில் தனியே விண்ணப்பிக்கவேண்டும். வரி கட்டும் நன்கொடையாளர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் கூடுதலாகக் கிடைக்கும், அவர் தந்த கிஃப்ட் எய்டு உறுதிமொழி உங்களிடம் இருக்கும்வரை. நன்றிக் கடிதங்களில் பிள்ளையின் முகம், ஊர், நோய் மூன்றையும் சேர்த்துப் போடாதீர்கள். அந்தப் படம் அவள் வகுப்புத் தோழியின் கைபேசிக்கும் போகும். லண்டனிலிருந்து விடுமுறைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளோடு தனியே தங்கவும் வேண்டாம். 116 என்ற இலவச எண் உகாண்டாவின் குழந்தைகள் உதவி எண். ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் முதல் பக்கத்தில் அதை எழுதிக்கொடுங்கள், உங்கள் ஆட்களைப் பற்றியே புகார் சொல்லவும் அது பயன்படும்.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதை ஒருவரிடம் விடாதீர்கள். கிராம மன்றத் தலைவர் தரும் பெயர்கள், வகுப்பாசிரியர் தரும் பெயர்கள், சமூகநல அலுவலர் தரும் பெயர்கள் மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மூன்றிலும் வரும் பெயர்களிலிருந்து தொடங்கி, சொல்லாமல் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பெற்றோர் இருவரையும் இழந்து வசதியான அத்தை வீட்டில் இருக்கும் பிள்ளையைவிட, நோயாளித் தாயைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு உதவி முதலில் தேவைப்படலாம். ஏழாம் வகுப்பு முடிவுகள் வழக்கமாக ஜனவரியில் வரும். அந்த மூன்று பட்டியலும் நவம்பருக்குள் உங்கள் கையில் இருந்தால் முதல் ஐந்து பேரும் பிப்ரவரியில் வகுப்பில் உட்காரலாம். பட்டியல்களை எங்களுக்கும் அனுப்புங்கள், கூட இருந்து பார்க்கிறோம்.

அன்புடன்,
உங்கள் நண்பர்கள்